சுப்புராயன் காரின் இடது சீட்டு

சிதம்பரம் ரயிலடிக்குப் பக்கத்தில் சீட் கவர் தைக்கும் கடை என்னுடையது. ஆட்டோ, வேன், டிராக்டர் என்று எது வந்தாலும் தைப்பேன். தரையோடு ஒட்டிக்கொண்டு, இரண்டே சீட்டோடு, சிவப்பாக ஒரு வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார் என் கடை வாசலில் வந்து நின்றது போன மாசியில்தான் முதல் தடவை.

கடலூரிலிருந்து அதை ஓட்டிவந்தவர் பெயர் சுப்புராயன். அறுபது தாண்டியவர், வெள்ளை வேட்டி. அதற்குள்ளிருந்து அவர் எழுந்து வெளியே வரவே இரண்டு நிமிஷம் ஆனது. எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

"பாய், இதைப் பாரு. இந்தக் காசுக்கு ரெண்டு வீடு கட்டியிருப்பேன். என்னா தோல் வேல செஞ்சிருக்கானுங்க பாரு" என்று இடப்பக்கக் கதவைத் திறந்தார்.

பார்த்தேன். சீட்டின் சிவப்புச் சாயம் சொறி பிடித்த மாதிரி செதில் செதிலாக உரிந்திருந்தது. முதுகு சாயும் இடமெல்லாம் கொப்புளம். விரலை வைத்தால் பிசுபிசுவென்று ஒட்டியது. டேஷ்போர்டில் ஓடிய தையலும் ஓரிடத்தில் கோணல். டிராக்டர் சீட்டுக்குக்கூட நான் அப்படித் தைக்க மாட்டேன்.

ஆனால் தினமும் அவர் உட்கார்ந்து ஓட்டும் வலது சீட்டு நன்றாகவே இருந்தது. ஒரே தோல், ஒரே சாயம். எனக்குச் சந்தேகம் வந்தது.

"இதுல பிளாஸ்டிக் போட்டு வச்சிருந்தீங்களா அய்யா?"

"ரெண்டு வருஷம் முன்ன வாங்கினப்ப இருந்ததுதான். போன வாரம்தான் பிரிச்சேன்."

இரண்டு கோடை. கடலூர் வெயில், கடலூர் உப்புக்காற்று. நம் ஊரில் புதுச் சாமானின் பிளாஸ்டிக்கைக் கிழிக்க யாருக்கு மனசு வரும்? டிவி ரிமோட்டில் நம்பரே தெரியாமல் போனாலும் உறையோடு அமுக்குகிற ஜனங்கள் நாம். ஆனால் தோல், ரிமோட் இல்லையே. மூடி வைத்தால் வேர்த்து, வெந்துபோகும்.

"தையல் கோணல் கம்பெனிக்காரன் தப்பு. தோல் உரிஞ்சது உங்க தப்புங்க" என்றேன். பெரிய மனிதர்களிடம் சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது. கம்பெனிக்காரனும் அதையேதான் எழுதி அனுப்பியிருக்கிறான் என்பது பிறகு தெரிந்தது.

சத்தம் போடுவார் என்று பார்த்தேன். போடவில்லை. ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, கேட்காமலே எல்லாவற்றையும் சொன்னார்.

அண்ணாகிராமம் பக்கத்துக்காரர். சைக்கிளில் முந்திரிக்கொட்டை மூட்டை கட்டி விற்று, பிறகு லாரி ஓட்டி, கடைசியில் சொந்தமாக முந்திரிக் கம்பெனி வைத்தவர். மகள் சந்திரலேகா பத்தாவது படிக்கும்போதே மனைவி இறந்துவிட்டார். சிதம்பரத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படித்த மகள், கூடப் படித்த அறிவழகனைக் கட்டிக்கொண்டு பெங்களூருக்குப் போனாள். இவர் கல்யாணத்துக்குப் போகவில்லை. ஐந்து வருஷமாகப் பேச்சு இல்லை. படிக்கிற காலத்தில் அவள் போனைத் திறந்தால் இந்தக் கார் படம்தான் இருக்குமாம். ஒரு நாளாவது இதில் போக வேண்டும் என்பாளாம்.

"அவதான் மொதல்ல உக்காரணும்னு வச்சிருந்தேன் பாய். எம் பக்கத்துல இதுவரைக்கும் யாரும் உக்காந்ததில்ல."

இவர் யாரையும் உட்காரவிடவில்லையா, உட்கார யாரும் இல்லையா என்று நான் கேட்கவில்லை. கடலூரில் பெரிய வீடு. சமைத்து வைத்துவிட்டுப் போகும் ராசம்மாளைத் தவிர அங்கே பேச ஆள் கிடையாது. சாயங்காலம் கடற்கரை வரை காரில் போய், இறங்காமலே திரும்பி வருவாராம். கேட்கவே பாவமாக இருந்தது.

இப்போது மகள் தானாகவே போன் செய்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை காலை ரயிலில் வருகிறாள். கடலூருக்கே போகிற ரயில்தான். இவர்தான் சிதம்பரத்தில் இறங்கச் சொல்லியிருக்கிறார்.

"இங்க எதுக்குங்க எறங்கணும்?"

"கடலூர் போய்ச் சேர ஒரு மணி நேரம் கெடைக்குமில்ல. மூஞ்சியப் பாத்து மன்னிப்பு கேக்க எனக்கு வாய் வராது பாய். வண்டி ஓட்டிக்கினே கேட்டுடுவேன்."

சென்னைக்குப் போய் அதே சிவப்பில் தோல் வாங்கி வந்து, நான்கு நாள் வேறு வேலையைத் தொடாமல் தைத்தேன். டேஷ்போர்டுத் தையலையும் பிரித்து நேராக்கினேன்.

காரை என்னிடம் விட்டுப் போயிருந்தவர் வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வந்து இறங்கினார். சீட்டைத் தடவிப் பார்த்தார். "கம்பெனிக்காரன விட நல்லா இருக்கு" என்றார். இருக்காதா பின்னே. ஸ்டேஷன் வாசல் வரை அவர் காரை மெதுவாக ஓட்டினார், நான் கூடவே நடந்தேன்.

ரயில் வந்தது. சந்திரலேகா வெளியே வந்தாள். இடுப்பில் இரண்டு வயதுப் பெண் குழந்தை. பின்னால் இரண்டு பெட்டிகளோடு அறிவழகன்.

காரில் இருந்ததோ இரண்டே சீட்டு. எத்தனை பேர் வருகிறார்கள் என்று ஒரு தடவை நான் கேட்டிருக்கலாம். குழந்தை பிறந்தது அவருக்கும் தெரியும்தான். ஆனால் அவர் மனசில் மகள் தனியாகவேதான் ரயிலிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தாள்.

"இந்தக் காரையா வாங்கினீங்கப்பா" என்று கேட்டாள். கண் கலங்கியிருந்தது. பிறகு உள்ளே எட்டிப் பார்த்தாள். "நீங்க இதுல வாங்க. நாங்க ஒரு டாக்சி வச்சிக்கறோம். பாப்பா என்ன வுட்டு இருக்க மாட்டா."

டாக்சி வந்தது. முன்னால் அறிவழகன், பின்னால் அவளும் குழந்தையும். இன்னும் ஒரு ஆள் தாராளமாக உட்காரலாம். அவள் உள்ளே நகர்ந்து, கதவைச் சாத்தாமல் அப்பாவைப் பார்த்தாள்.

நான் அவர் காதருகே போய்ச் சொன்னேன். "சாவியக் குடுங்கய்யா. கார நான் ஓட்டிக்கினு வரேன். நீங்க அவுங்களோட ஏறுங்க."

சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தார். என் கைகளைப் பார்த்தார். காரைப் பார்த்தார்.

"பழக்கமில்லாத கைக்கு இது அடங்காது பாய்" என்றார்.

அந்தச் சீட்டைத் தைத்தே கொடுத்திருக்கக் கூடாது என்று தோன்றியது.

சந்திரலேகா இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள். டாக்சிக்காரர் கிளம்பலாமா என்று கேட்டார். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். சுப்புராயன் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு காருக்குள் இறங்கி, அந்த டாக்சிக்குப் பின்னால் கடலூருக்குத் தனியாகப் போனார்.