ஆளில்லாவிட்டால் ஆபத்தில்லை

என் மச்சினனை அவன் அலுவலகத்தில் ‘பரவாயில்லை’ என்றுதான் சொல்வார்கள், முதுகுக்குப் பின்னால். எண்ணெய்க் குழாய் எங்கே கசிந்தாலும், அந்த இடத்தை எந்த அளவுக்குச் சுத்தம் செய்வது என்று முடிவு செய்கிற அதிகாரி அவன். மண்ணை அள்ளி முகர்வான், “பரவாயில்லை” என்பான். சின்ன வயதில் வீட்டைப் பெருக்கச் சொன்னால் குப்பையைப் பாய்க்கு அடியில் தள்ளுவானாம். என் மனைவி, அவனுடைய அக்கா, சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அந்தப் புத்திக்குத்தான் இன்றைக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்.

விதி என்னவோ நல்ல விதிதான். மனிதர் உடம்புக்கு எங்கே ஆபத்து அதிகமோ அங்கே முதலில் தோண்டு; யாரும் புழங்காத பொட்டல் காத்திருக்கட்டும். இவன் கையில் அது குரங்கு கைப் பூமாலை ஆனது. எண்ணெயை எடுப்பதைவிட ஆளை எடுப்பது சுலபம்; ஆள் போனால் ஆபத்தும் போச்சு என்று கண்டுபிடித்தான், மகா மேதாவி! எங்கள் தெருவின் அடியில் குழாய் கசிந்தபோது கிணற்றுக்கு மூடி போட்டான். எதிர்வீட்டுத் தையல்காரர் குடும்பத்தை நைசாகப் பேசி அனுப்பினான். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். மண் அப்படியே கிடந்தது. அவனுக்குப் பதவி உயர்வு.

மிச்சம் நாங்கள் இரண்டு பேர். மழை பெய்தால் குளியலறைத் தரையிலிருந்து பெட்ரோல் வாடை குப்பென்று வரும், என் மனைவிக்குத் தலை சுற்றும். நாங்கள் இருக்கும்வரை அவன் தோண்டியே ஆகவேண்டும். கிளம்பிவிட்டால் ஃபைலை மூடிவிடுவான், நாங்கள் கட்டிய வீட்டுக்குத் திரும்பவே முடியாது.

தன் மகள் கல்யாணத்தில் எங்களைக் கடைசி வரிசையில் உட்காரவைத்தவன், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆப்பிள் பையோடு வந்தான்.

“அக்கா, நீயும் மாமாவும் எங்க வீட்டுக்கே வந்துருங்க. மாடி ரூம் சும்மாதான கெடக்கு.”

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். என் மனைவியோ கண் கலங்கிவிட்டாள்.

“வர்றோம்டா. அப்ப இங்க எப்ப தோண்டுவ?”

“நீங்க வந்துட்டா எதுக்குக்கா தோண்டணும்? அப்புறம் பரவாயில்ல.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

“சரி. ஆனா வீட்டப் பூட்ட மாட்டேன். உன் மாப்பிள்ளைக்கு மாமனார் வீட்ல இருக்கப் பிடிக்கல, கைக்குழந்தைய வச்சுக்கிட்டு வாடகைக்கு வீடு தேடி அலையுதுங்க. சாவிய உன் பொண்ணுக்கே குடுத்துடுறேன். பரவாயில்லையா?”

அவன் முகம் வெளுத்தது. துள்ளி எழுந்தான்.

“ஐயையோ, வேணாம்க்கா! குழந்தைக்கு ஆகாது!”

“எங்களுக்கு மட்டும் ஆகுமாடா?”

அவன் அவள் கையிலிருந்த போனையே பார்த்தான். அவள் அதைக் கீழே வைக்கவில்லை.

அந்த வாரமே மண் தோண்டும் இயந்திரம் வந்தது. ஆப்பிளை நாங்கள் தொடவில்லை. தோண்ட வந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டோம்.