தாம்பரத்தில் மிளகாய்ப்பொடி

தாம்பரம் ஸ்டேஷனில் மின்ரயிலுக்குக் காத்திருக்கிறேன். எங்கள் பட்டறைக்குக் குடிதண்ணீர்க் குழாய் கேட்டு, முதலாளியிடம் ஆங்கிலத்தில் பேச, கூட வேலை செய்பவர்கள் என்னை அனுப்பியிருக்கிறார்கள். எங்கள் பேச்சும் எடுபட வேண்டும் என்பதற்கு ‘ஹேவ் எ சே’. விடாப்பிடியாக நிற்பதற்கு ‘புட் மை ஃபுட் டவுன்’. முணுமுணுத்துப் பார்க்கிறேன். ஊன்றவேண்டிய காலோ கொய்யாக் கூடைப் பக்கம் நகர்கிறது; ஒரு பழத்தை எடுத்துப் பார்த்தபடியே முணுமுணுப்பைத் தொடர்கிறேன்.

“இன்னா சார், கொய்யாவாண்ட இங்கிலீஷு பேசிகினு கீற? மொளகாப்பொடி போடவா?” என்கிறார் கூடைக்கார அக்கா.

“உங்க இஷ்டம்க்கா.”

“துன்றது நீதானே? வாயத் தொறந்து சொல்லு சார்.”

நான் யோசிப்பதற்குள் தாராளமாகத் தூவிவிடுகிறார். ஒரே கடி. மனப்பாடம் செய்த இங்கிலீஷ் முழுக்க எரிந்துபோகிறது.

“தண்ணி” என்று நான் போட்ட சத்தத்தில் பிளாட்பாரமே திரும்பிப் பார்க்கிறது. அக்கா சிரித்தபடி சொம்பை நீட்டுகிறார்.

ரயில் வருகிறது. மீதிக் கொய்யாவைப் பத்திரமாகக் காகிதத்தில் மடித்துக்கொள்கிறேன். முதலாளி அறை வாசலில் இன்னொரு கடி கடித்தால் போதும்.