தலை கடைசியாகத்தான் வரும்

எங்கள் வீட்டுச் சாமி மாடத்தில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் ஒரு பொம்மை லாரி இருந்தது. எங்கள் ஊர் முருகனுக்கு வாகனமாக மயிலும் உண்டு, யானையும் உண்டு. அம்மா மூன்றாவதாக ஒரு லாரியைச் சேர்த்தாள். வீட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் கும்பிட்டுவிட்டு அதைப் பார்ப்பார்கள், பிறகு எங்களைப் பார்ப்பார்கள். யாராவது ஒருவர் கேட்டுவிடுவார். அம்மா அந்தக் கேள்விக்காகவே உட்கார்ந்திருந்தவள் போலக் கதையை ஆரம்பிப்பாள். அவள் போன பிறகு அந்தக் கதையைச் சொல்ல ஆள் இல்லை. சொல்லாமல் வைத்திருந்த மிச்சத்தோடு சேர்த்து நான் எழுதிவைக்கிறேன்.

அப்பாவை நாங்கள் நைனா என்போம். நைனா அரக்கோணம் ரோட்டில் பஞ்சர் கடை வைத்திருந்தார். லாரி டயரைக் கம்பியால் நெம்பிக் கழற்றுகிற வேலை. தொண்ணூறுகளில் யாரோ ஒருவர் விசா வாங்கிக் கொடுக்க, அரபு நாட்டில் ஒரு டயர் பட்டறைக்குப் போனார். எந்த நாடு என்று கேட்டால் அம்மாவுக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. எங்கள் தெருவுக்குக் கடல் தாண்டினால் எல்லாமே துபாய்தான்.

அவர் போகும்போது நான் பள்ளிக்கூடம் போகிற பெண். தம்பி கைக்குழந்தை. அவன் வளர்ந்தான், பேசினான், வயதுக்கு மீறிப் பேசினான். நிற்க மட்டும் இல்லை. இடுப்புக்குக் கீழே பலம் இல்லை, இது இப்படித்தான் இருக்கும் என்று டாக்டர் சொன்னார். அம்மா அதை நைனாவிடம் சொல்லவில்லை. போனில் அவர் ‘சின்னவன் எப்டிகீறான்’ என்பார். இவள் ‘நல்லாகீறான்’ என்பாள். அதற்கு மேல் அவரும் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை. கண் காணாத இடத்தில் இருக்கிற மனுஷனுக்கு எதற்குக் கவலை என்பது அவள் கணக்கு.

ஒரு நாள் பள்ளிப்பட்டுக்காரர் ஒருவர் வந்தார். நைனாவோடு ஒரே அறையில் தங்கியிருந்தவர், லீவில் வந்திருந்தார். வாய் ஓயாத மனுஷர். காபி ஆறும்வரை தான் எப்படி விமானத்தில் சன்னல் சீட்டு பிடித்தார் என்பதையே சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு பையைத் திறந்து சோப்பு, தைலம், எனக்கு ஒரு பாவாடைத் துணி, கடைசியாக ஒரு லாரி எடுத்துவைத்தார். பையில் இடம் இல்லை என்று அதன் அட்டைப்பெட்டியை அங்கேயே போட்டுவிட்டாராம். சிவப்பு முகப்பு, பக்கத்துக்கு ஒரு வெள்ளிக் குழாய், கையில் எடுத்தால் நல்ல கனம். எங்கள் தெருவில் அப்படி ஒன்றை யாரும் பார்த்ததில்லை.

செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் இறங்கின பிறகுதான் அவருக்கு ஞாபகம் வந்தது.

“அக்கா, உங்க வூட்டுக்காரு ஒண்ணு சொல்லச் சொன்னாரு. மறந்தே பூட்டேன் பாரு. ‘அவனுக்குக் கால் கீதுன்னு சொல்லு. மெதுவா இழுத்தா எழுந்து நிப்பான்’னாரு.”

அம்மா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “வேற இன்னா சொன்னாரு?”

“அவ்ளோதான். சொல்லிட்டு அவரே சிரிச்சிகினு இருந்தாரு.”

நாம் மறைத்துவைத்தது அவருக்கு எப்படியோ தெரிந்துவிட்டது என்று அம்மா நினைத்தாள். அங்கே பெரிய டாக்டர் யாரிடமாவது கேட்டிருப்பார், சந்தோஷத்தில் சிரித்திருப்பார் என்றாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அன்று சாயங்காலமே நல்லெண்ணெய் காய்ச்சித் தம்பியின் கால்களைத் தேய்த்து இழுக்க ஆரம்பித்தாள். அவன் கத்துவான். நான் அவன் தோளை அமுக்கிப் பிடித்துக்கொள்வேன். “நைனா சொல்லிகீறாருடா, கொஞ்சம் பொறுத்துக்கோ” என்று சொல்லிக்கொண்டே இழுப்பாள். தினமும் இழுத்தாள்.

லாரியைத் தம்பி குப்புறப் படுத்தபடி தரையில் ஓட்டுவான். அதற்கு ஒரு கோளாறு இருந்தது. ஓட்ட ஓட்டப் பின்பக்கம் தளர்ந்து இரண்டாகப் பிளந்துகொள்ளும். அவ்வளவு தூரம் வந்த பொருள் உடைந்துவிடப்போகிறது என்று அம்மாவுக்குப் பயம். நைனாவின் கடையில் மிச்சமிருந்த பழைய டியூபை நீளமாகக் கத்தரித்துப் பின்பக்கத்தைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள். பஞ்சர் கடைக்காரன் பெண்டாட்டி கட்டின கட்டு. அதற்குப் பிறகு பின்பக்கம் அசையவில்லை.

சில வாரம் கழித்து நைனா போன் செய்தார். பஜாரில் இருந்த டெலிபோன் பூத்துக்கு வரும். பூத்துக்காரர் ஆள் அனுப்புவார், நாங்கள் ஓடுவோம். கண்ணாடிப் பெட்டிக்குள் அம்மாவோடு நானும் நெருக்கிக்கொண்டு நின்று ரிசீவரின் முதுகில் காதை ஒட்டிக்கொள்வேன். நைனா பஞ்சர் கடைக் குரலில்தான் பேசுவார். அதனால் எல்லாமே கேட்கும்.

“இன்னாமே, எழுந்து நின்னானா?”

அம்மா என்னைப் பார்த்தாள். கண்ணாடிக்கு வெளியே இன்னொருவர் போனுக்குக் காத்திருந்தார்.

“ஆங்” என்றாள். “நின்னான்.”

“நின்னானா! நான் சொல்லல? மெதுவா இழுத்தியா?”

“ஆங். தெனமும் இழுக்கறேன்.”

“கை ரெண்டும் நல்லா தூக்கறானா?”

“தூக்கறான்.”

“பாப்பா பாத்துட்டு இன்னா சொல்லிச்சி?” பாப்பா என்றால் நான்.

“சிரிச்சா.”

நைனா சிரித்தார். அவ்வளவு பெரிய சிரிப்பை அவர் ஊரில் இருந்தபோதுகூட நான் கேட்டதில்லை. நடுவில் இரைச்சல் வந்தது. இரைச்சலுக்குள்ளே, “தலை கடைசியாத்தான் வரும், அவசரப்படக் கூடாது” என்று ஏதோ சொன்னார். வேறு யாருடைய பேச்சோ லைனில் கலந்துவிட்டது என்று நினைத்தோம். பிறகு குரல் தெளிந்தது. “தெரு பூரா காட்டிகினு திரியாத, கண்ணு வெச்சிடுவானுங்கோ. நான் வந்து பாக்கறேன்.”

பூத்தை விட்டு வெளியே வந்ததும் அம்மா, “பொய் சொல்லிட்டேன்டி” என்றாள். அந்தக் கிருத்திகையில் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு மலைக்கோயில் படி ஏறினாள். அவர் வருவதற்குள் நான் சொன்னதை நீ நிஜமாக்கிவிடு என்று முருகனிடம் கேட்டாளாம். செவிடன் காதில் ஊதின சங்கு. சாமியைப் பற்றி இப்படி எழுதக் கூடாதுதான். எழுதிவிட்டேன், போகட்டும்.

நைனா வரவில்லை. அடுத்த போன் வருவதற்கு முன்னால் பட்டறையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டார் என்று செய்தி வந்தது. மீனம்பாக்கத்திலிருந்து ஒரு வேனில் பெட்டியைக் கொண்டுவந்தார்கள். பெண்கள் எல்லோரும் அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை. பெட்டியில் அடித்திருந்த ஆணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தனை ஆணி எதற்கு என்றுதான் தோன்றியது. காரியம் முடிந்ததும் அந்தப் பலகைகளை யாரோ கோழிக்கூண்டு அடிக்கக் கேட்டு எடுத்துப்போனார்கள். அதையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று மனசு மரத்தது, பிறகு யாரும் கிள்ளிப் பார்க்கவில்லை. நானும் கிள்ளிக்கொள்ளவில்லை.

அம்மா அப்படி இருக்கவில்லை. அவளுக்குப் பிடித்துக்கொள்ள ஒன்று இருந்தது. லாரியைத் தம்பியிடமிருந்து வாங்கி மாடத்தில் வைத்தாள். வண்டி என்பதால் ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை சந்தனம் அப்பி, குங்குமம் வைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்பாள். கேட்டவர்களுக்கெல்லாம் சொல்வாள். “அவரு அனுப்பினது. கடைசியா போன்ல, புள்ள எழுந்து நின்னானான்னு கேட்டாரு. நின்னான்னேன். எப்டி சிரிச்சாரு தெரியுமா? பொய்தான். ஆனா அதக் கேட்டுகினுதான் போனாரு. எனக்கு அது போதும்.”

தம்பி இந்தக் கதையைக் கேட்டுக் கேட்டே வளர்ந்தான். வாய் மட்டும் நைனாவின் வாய். கதை முடிகிற இடத்தில், “நான் போன்லதாங்க நின்னேன். டவர் போனதும் உக்காந்துட்டேன்” என்பான். வந்தவர்கள் சிரிப்பதா வேண்டாமா என்று முழிப்பார்கள். அம்மா அவன் தலையில் தட்டுவாள். வீட்டின் முன்னறையிலேயே செல்போன் ரீசார்ஜ் கடை போட்டுக்கொண்டான். மூன்று சக்கர வண்டியில் பஜாருக்குப் போய்வருவான்.

என்னை அரக்கோணத்தில் கொடுத்தார்கள். என் பையன் டி.வி.யே கதி என்று கிடப்பான். ஒரு நாள் அவனுக்குச் சாதம் பிசைந்துகொண்டிருந்தேன். பொம்மைப் படம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மலைப்பாதையில் சிவப்பு முகப்பு வைத்த லாரி ஒன்று வந்தது. பக்கத்துக்கு ஒரு வெள்ளிக் குழாய். கெட்டவர்கள் வழியை மறித்தார்கள். லாரியின் பின்பக்கம் இரண்டாகப் பிளந்தது. ஒவ்வொரு பாதியும் ஒரு காலானது. பக்கவாட்டிலிருந்து கைகள் வந்தன. கடைசியில் தலை வந்தது.

“இது இன்னாடா?”

“லாரி இல்லம்மா. ரோபோ. எல்லாரையும் காப்பாத்துவான். ஆபத்து வந்தா எழுந்து நிப்பான். மீதி நேரம் லாரியாவே இருப்பான். யாருக்கும் தெரியாது.”

நல்லது என்று சொல்லிவிட்டு மீதிச் சாதத்தையும் ஊட்டினேன். தட்டைக் கழுவி வைத்தேன். பால்காரர் வந்தார், பால் வாங்கினேன். அன்றைக்கெல்லாம் செய்ய வேண்டிய வேலைகளைச் செய்தேன். நடுநடுவே நைனாவின் குரல் ஒவ்வொரு வரியாக வந்தது. கை தூக்கறானா. மெதுவா இழுத்தியா. எல்லா வரியும் சரியாகப் பொருந்திக்கொண்டே போனது. இரைச்சல் என்று நாங்கள் ஒதுக்கின வரிதான் எல்லாவற்றையும்விட நன்றாகப் பொருந்தியது.

யாரிடமும் சொல்லவில்லை. நானே தப்பாக நினைத்திருக்கலாம், கையில் எடுத்துப் பார்க்காமல் எப்படிச் சொல்வது? அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு வீட்டுக்குப் போனேன். அம்மா பொரியும் பூசணிக்காயும் வாங்கப் பஜாருக்குப் போயிருந்தாள். மாடத்திலிருந்து லாரியை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போய்த் தம்பியிடம், “கத்திரிக்கோல் குடு” என்றேன்.

“இன்னாக்கா பண்ற? அம்மா கொன்னுடும்.”

டியூப் ரப்பர் காய்ந்து வண்டியோடு ஒட்டிப்போயிருந்தது. வெட்டியதும் துண்டு துண்டாக வந்தது. பின்பக்கத்தை இழுத்தேன். நகரவில்லை. வருஷக்கணக்காக அப்பின சந்தனம் இடுக்கெல்லாம் இறுகிக் கிடந்தது. ஊக்கால் சுரண்டிச் சுரண்டி மெதுவாக இழுத்தேன். கால்கள் வந்தன. கைகளைத் திருப்பினேன். முகப்புக்குப் பின்னால் ஒரு சின்ன மூடி இருந்தது. அதைத் தள்ளியதும் தலை வந்தது. நீலக் கண் இரண்டு. முகத்தில் மட்டும் ஒரு பொட்டுச் சந்தனமும் இல்லை, புதிதாக இருந்தது. ரீசார்ஜ் கார்டு வைக்கிற மேசைமேல் அவனை நிற்கவைத்தேன். பிடிக்காமலே நின்றான்.

தம்பி மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த போன் பேச்சு அவனுக்கு வரிக்கு வரி மனப்பாடம். நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

“அப்ப என்னியக் கேக்கல” என்றான்.

ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். மேசைமேல் உதிர்ந்திருந்த சந்தனத் தூளைக் கையால் கூட்டித் தள்ளினேன்.

“என் கால இழுத்ததெல்லாம் இவனுக்குத்தானா?”

“ஆமாடா.”

அவன் சிரித்தான். நைனாவின் சிரிப்பு இல்லை, அது சின்னதாக இருந்தது. கையை நீட்டி பொம்மையின் காலைத் தொட்டுப் பார்த்தான்.

“அம்மாகிட்ட சொல்லப் போறியா?”

அதுதான் எனக்கும் தெரியவில்லை. சொன்னால் பிள்ளையைப் பற்றிப் பொய் சொன்ன பாவம் அவளுக்கு இல்லையென்று ஆகும். பிள்ளை நின்றதைக் கேட்டுவிட்டுப் போனார் என்பதும் இல்லையென்று ஆகும். அவளிடம் இருந்தது அது ஒன்றுதான். இரண்டில் எதை அவள் பெரிதாக நினைப்பாள் என்று யோசித்தபடி நின்றேன்.

தம்பி எனக்காகக் காத்திருக்கவில்லை. பொம்மையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டான். தலையை உள்ளே அமுக்கினான். கைகளைத் திருப்பினான். கால்களை ஒன்றோடொன்று சேர்த்துத் தள்ளினான். இதற்கு முன்னால் செய்து பழகினவன் போல அவனுக்கு அது வந்தது. பிறகு என்னை அனுப்பி மூலையில் கிடந்த அவன் வண்டியின் பழைய டியூபை எடுத்துவரச் சொன்னான். நீளமாகக் கத்தரித்துப் பின்பக்கத்தைச் சுற்றி, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்துக் கட்டினான். இனி யார் ஓட்டினாலும் பிளக்காது.

அம்மா வந்ததும் முதலில் அதைத்தான் பார்த்தாள். “ரப்பர் இன்னா புதுசா கீது?”

“பழசு அறுந்துபோச்சிம்மா. நான்தான் கட்டனேன்.”

“சரி, எடுத்து வை. சந்தனம் கரைக்கணும்.”

சாயங்காலம் பூஜைக்கு அக்கம்பக்கத்தார் வந்தார்கள். பின்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த கே.ஜி.கண்டிகைப் பெண் ஒருத்தியும் வந்திருந்தாள். கற்பூரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, “லாரி எதுக்குங்க?” என்று கேட்டாள். அம்மா ஆரம்பித்தாள். பள்ளிப்பட்டுக்காரர், பூத்து, கண்ணாடிப் பெட்டி, எல்லாம் வந்தது. நான் பொரித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி நின்றேன். “எழுந்து நின்னானான்னு கேட்டாரு. நின்னான்னேன்” என்று அம்மா சொல்லி நிறுத்தினாள். தம்பியின் வேடிக்கை வருகிற இடம் அது. தெருக்காரர்கள் சிரிக்கத் தயாராக அவன் பக்கம் திரும்பினார்கள்.

“ஆங்” என்றான் தம்பி. “நின்னேன்.”

அம்மா அவனைப் பார்த்தாள். டவர் போன கதை வரவில்லை. தட்டுவதற்காகத் தூக்கின கையை அவன் தலைமேல் அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு என் கையிலிருந்த தட்டை வாங்கி, வந்தவர்களுக்கெல்லாம் பொரி கொடுத்தாள்.