அருவியில் வழுக்கியவர்கள்

எக்ஸ்ரே எடுக்கும் தொழிலில் எலும்பு ஒருநாளும் பொய் சொல்லாது, எலும்புக்குச் சொந்தக்காரர்தான் சொல்வார். என்னைப் போல ஈய அங்கியை மாட்டிக்கொண்டு வேர்த்து வடியும் சகாக்களே, உங்களுக்கு இது புதிதில்லை.

தண்ணீர் இல்லாத வழுக்கல்

தென்காசியில் சீசன் வந்துவிட்டால் கை உடைந்த எல்லோருக்கும் ஒரே காரணம்தான்: குற்றாலத்து அருவியில் வழுக்கிவிட்டது. வழுக்கி விழுந்தால் பெரும்பாலும் மணிக்கட்டு போகும். சுண்டுவிரலுக்குக் கீழே உள்ளங்கை எலும்பு உடைந்திருந்தால் அது குத்து. சுவரையா, கதவையா, மச்சினனையா என்று நான் கேட்பதில்லை. அப்போதெல்லாம் வீட்டுக்குப் போய்த் தம்பி மாரியிடம் சொல்வேன், இருவரும் வயிறு வலிக்கச் சிரிப்போம்.

ஒரு சித்திரை வெயிலில் வீரகேரளம்புதூர்க்காரர் ஒருவர் அதே கதையோடு வந்தார். அருவியில் சொட்டுத் தண்ணீர் கிடையாதே அண்ணாச்சி என்றேன். கொஞ்சம் யோசித்தார்.

"அதாம்மா அடி பலமாப் பட்டுட்டு. தண்ணி கெடந்தா தாங்கியிருக்கும்லா?"

எங்கள் வீட்டுச் சுவர்

மாரி குத்துச்சண்டைக்காரன். ராணுவத்தில் விளையாட்டு வீரர்களுக்கான தேர்வுக்குப் பேர் வந்திருந்தது. அதற்கு முந்தின வாரம் அப்பா, "குத்துனா சோறு கெடைக்குமாலே?" என்று கேட்டுவிட்டார். பெற்ற தகப்பனை அடிக்க முடியுமா? சுவரில் விட்டான் ஒரு குத்து. சுவரில் காரை பெயர்ந்தது. நானே படம் எடுத்தேன். சுண்டுவிரலுக்குக் கீழே எலும்பு இரண்டாகக் கிடந்தது.

வெறும் சுளுக்கு என்று பயிற்சியாளரிடம் சொல்லச் சொல்லிக் கெஞ்சினான். துணியைச் சுற்றிக்கொண்டு சமாளித்துவிடுவானாம். அந்தக் கையோடு மேடை ஏறிக் குத்தினால் கை அதோடு போச்சு. நான் உள்ளதைச் சொல்லிவிட்டேன், இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். தேர்வு போனது. மஸ்கட்டுக்கு எலக்ட்ரீஷியன் வேலைக்குப் போனான். கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னதுதான் என்னிடம் அவன் பேசிய கடைசிப் பேச்சு.

"அந்தச் சுவரு கூட என்னய இப்பிடி அடிக்கலக்கா."

ஒரே வண்டி

வாசுதேவநல்லூரிலிருந்து இரண்டு பையன்கள் வந்தார்கள். வாலிபால் ஆட்டத்தில் பந்து கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்று தகராறு. ஒருவனுக்குத் தாடை வீங்கியிருந்தது, இன்னொருவனுக்குக் கை உடைந்திருந்தது. கட்டுப் போட்டு முடிந்ததும் தாடைக்காரன்தான் கைக்காரனுக்குச் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டான். அடிச்சவனையா கூட்டிக்கிட்டு அலையுதே என்று கேட்டேன். வாயை முழுசாகத் திறக்க முடியாமல் சொன்னான்.

"அவனால ஆக்ஸிலேட்டர முறுக்க ஏலாதுக்கா. விட்டுட்டுப் போனா ஊருக்கு எப்பிடிப் போவான்?"

வாட்ஸப்பில் வந்த கை

அவர்கள் வண்டியேறிப் போவதை ஜன்னலில் பார்த்தபடி நின்றேன். எனக்குப் பொறாமையாக இருந்தது. மாரி அம்மாவோடு பேசுவான், நான் போனை வாங்கினால் வைத்துவிடுவான். பெயர்ந்த காரையைப் பூச அப்பா கொத்தனாரைக் கூப்பிட்டபோது நான் விடவில்லை. கையைப் படம் எடுக்க வருகிறவர்களில் யாருக்காவது பழைய முறிவு கோணலாக ஒட்டியிருந்தால் முகத்தை நிமிர்ந்து பார்ப்பேன். மஸ்கட்டில் இருப்பவன் தென்காசியில் எப்படி வருவான் என்று புத்திக்குத் தெரியும், கண்ணுக்குத் தெரியவில்லை.

போன மாசம் ஒரு வெளிநாட்டு நம்பரிலிருந்து போனுக்குப் படம் வந்தது. வலது கை எக்ஸ்ரே. சுண்டுவிரலுக்குக் கீழே அந்தப் பழைய கோணல், அதன் மேலேயே புதிதாக ஒரு கீறல். பெயர் எதுவும் இல்லை. எனக்குப் பெயர் தேவைப்படவும் இல்லை. எப்படிலே ஆச்சு என்று கேட்டு அனுப்பிவிட்டு, வெளியே ஆட்கள் காத்திருக்க, போனையே பார்த்துக்கொண்டு நின்றேன். பதில் வந்தது.

"அருவியில வழுக்கிட்டேன்க்கா."

இந்தத் தொழிலில் ஒருத்தரும் உண்மை சொல்வதில்லை என்று எந்நேரமும் புலம்புகிற நான், மஸ்கட்டில் ஏதுலே அருவி என்று கேட்காமல், அந்தப் பொய்யை அம்மாவிடம் காட்டப் பாதி நாள் லீவு போட்டுவிட்டு ஓடினேன்.