ஹாஜா பாயின் புரட்டாசிப் பிரியாணி

சோம்புக் கிண்ணத்தை ஒரு விரலால் தள்ளி வைத்துவிட்டுத்தான் ஹாஜா மொய்தீன் பேச ஆரம்பிப்பார். பூந்தமல்லியில் எந்த ஓட்டல் கல்லாவாக இருந்தாலும் இதே கதைதான். "இன்னா பாய், டீ சொல்லட்டா?" என்பார் முதலாளி. வேண்டாம். ஜூஸ்? வேண்டாம். ஒரு கிளாஸ் தண்ணீராவது? தோளில் தொங்கும் பையிலிருந்து தன் சொந்த பாட்டிலை எடுத்துக் காட்டுவார். பிறகு கல்லா மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு, "அதெல்லாம் கெடக்கட்டும் நைனா, நூறு பிரியாணி கூப்பன் குடு" என்பார். தண்ணீர்கூட வேண்டாம் என்ற மனிதர் அடுத்த மூச்சில் இப்படிக் கேட்டால் எந்த முதலாளிக்கும் லேசாகத் தலை சுற்றத்தான் செய்யும்.

தொழில், ஓட்டல் அடுப்பு ரிப்பேர். பின்வாசல் வழியாகச் சமையல்கட்டுக்குள் நுழைவார். பர்னரைக் கழற்றி, சாம்பார் வழிந்து அடைத்துக்கொண்ட துளைகளைக் கம்பியால் குத்தி எடுப்பார். தீ நீலமாக எரிகிறதா என்று தலையைச் சாய்த்துப் பார்ப்பார். மஞ்சளாக எரிந்தால் அடுப்பைத் திட்ட மாட்டார்; சமையல் மாஸ்டரைத் திட்டுவார். வேலை முடிந்ததும் கைகழுவி, சட்டை மாற்றி, தெருவைச் சுற்றிக்கொண்டு முன்வாசல் வழியாக மறுபடி வருவார். "பின்னாடி வந்தா மெக்கானிக்கு, முன்னாடி வந்தா சேர்மன்" என்பது அவரே வகுத்துக்கொண்ட சட்டம்.

சேர்மன் பதவி ஒரு வேனுக்கு. டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களை நூம்பல், வேலப்பன்சாவடிப் பக்கத்து வீடுகளிலிருந்து ஏற்றிப்போய் ஆஸ்பத்திரியில் விட்டு, முடிந்ததும் திரும்ப வீட்டில் கொண்டுவந்து இறக்குகிற இலவச வேன். உட்கார்ந்தால் ஸ்பிரிங் குத்தும், மழையில் ஒழுகும். ஆனால் அது வராவிட்டால் ஷேர் ஆட்டோவில் தொங்கிக்கொண்டு போக வேண்டியவர்கள் அதில் வருகிறவர்கள். அவர்களில் ஒருவரான துலுக்கானம் என்கிற பெரியவர் ஒருமுறை என்னிடம் சொன்னார்: "வண்டி நின்னா நானும் நின்னுருவேன் சார்." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வண்டி ஓட டீசல் வேண்டும், டீசலுக்கு நன்கொடை வேண்டும். நம் ஊர்க்காரர்கள் தருமத்துக்குக் கொடுப்பார்கள். ஆனால் தருமத்தோடு ஒரு பரோட்டாவும் வரும் என்றால் இன்னும் தாராளமாகக் கொடுப்பார்கள். இதை ஹாஜா பாய் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார். ஆகவே ஒவ்வொரு சுதந்திர தினத்தன்றும் கொடியேற்றி, மிட்டாய் கொடுத்து, நன்கொடை வாங்கி, கையோடு ஓட்டல் கூப்பன்களைப் பரிசாக வழங்குவார். குலுக்கல் கிடையாது. "குலுக்குனா அது சூதாட்டம் நைனா. நமக்கு ஹராமு, கவர்மெண்ட்டுக்கு கேஸு" என்பார். ஆகவே எல்லோருக்கும் பரிசு உண்டு. யாருக்கு எது என்பதை அவரே ஆளைப் பார்த்து முடிவு செய்வார்.

அந்த முடிவுகளுக்கு மேல்முறையீடு கிடையாது. திருமுல்லைவாயில் மெஸ்ஸின் முழுச் சாப்பாடு, பல் போன ஒருவருக்குப் போகும், அங்கே சோற்றை நன்றாகக் குழைய வடிப்பார்கள் என்பதால். ஆவடி பரோட்டாக் கடைக்காரர் மகா சாமர்த்தியசாலி, சால்னாவுக்கு மட்டும் கூப்பன் கொடுத்திருந்தார். பரோட்டாவை நாம் காசு கொடுத்து வாங்க வேண்டும். அதையும் பாய் மரியாதையாக வாங்கிக்கொண்டு, அந்தக் கடைக்குத் தினமும் போகிற ஆளாகப் பார்த்துக் கொடுத்தார். இந்த ஆண்டு, தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பரந்தாமன் ஸ்வீட் கடைக் கூப்பனுக்குக் கை நீட்டியபோது, "ஒடம்பு பூரா சக்கரைய வெச்சிகினு ஜாமூன் கேக்குறியா? வண்டில சீட்டு காலி இல்ல நைனா, தெரிஞ்சிக்கோ" என்று மைக்கிலேயே சொல்லிவிட்டு ஒரு பிரியாணிக் கூப்பனைத் திணித்தார். கூட்டம் சிரித்தது. பரந்தாமன் சிரிக்கவில்லை.

பரந்தாமனுக்கு அதற்கு முன்பே ஒரு சந்தேகம் உண்டு. இத்தனை ஓட்டலுக்குப் போகிறவர் சும்மாவா திரும்புவார்? "எல்லா ஓட்டல்லயும் பாய்க்கு ஓசி பிரியாணி. பின்னாடி வாசல் வழியா எதுக்கு போறாருன்ற?" என்று டீக்கடையில் கேட்பார். அடுப்பு ரிப்பேருக்கு என்று நான் சொன்னால், என் கள்ளமில்லாத மனசை நினைத்து வருந்துவதுபோல் பார்ப்பார். ஹாஜா பாயிடமே இதை ஒருமுறை போட்டுக் கொடுத்தேன். "வாங்குற கையும் துன்ற வாயும் ஒரே எடத்துல இருக்கக்கூடாது. அதான் நான் தண்ணிகூட குடிக்கறதில்ல. சொன்னா சொல்லிகினு போறான்" என்றார். சொல்லிவிட்டு மொபெட்டை நான்கு முறை உதைத்தார். அது முதல் உதையிலேயே கிளம்பிவிட்ட மொபெட்.

இந்த ஆண்டு பெரிய பரிசு, டிரங்க் ரோட்டில் இருக்கும் முஸ்தகீமின் ஓட்டல் கொடுத்த பிரியாணிக் கூப்பன்கள். முஸ்தகீம் இளவயது முதலாளி. ஊதுபத்தி வாசனையும் கால்குலேட்டர் மூளையும் உள்ளவர். இதுவரை பத்துக்கு மேல் கொடுக்காத அந்தக் கை இம்முறை முழுசாக நூறு கூப்பன் கொடுத்தது. மட்டன் பிரியாணி, முட்டை, தாளிச்சா, தயிர் வெங்காயம் எல்லாம் சேர்த்து. "வர்ற மாசம் பூரா கல்யாண ஆர்டரு தலைக்கு மேல கீது பாய். அது முடிஞ்சி வரச்சொல்லுங்க" என்றார். கூப்பனின் கீழே அச்சடித்திருந்தது: 17.9 முதல் 17.10 வரை மட்டும். பாய் அன்று சந்தோஷத்தில் சோம்புக் கிண்ணத்தைத் தள்ளக்கூட மறந்துவிட்டாராம்.

எனக்கும் ஒரு கூப்பன் கிடைத்தது. நல்ல ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துப் பொடிநடையாகப் போகலாம் என்று எடுத்து வைத்தேன். என் மனைவி கூப்பனைப் பார்த்தாள், சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "புரட்டாசி ஒண்ணுல ஆரம்பிச்சு புரட்டாசி கடைசியோட முடியுது. உங்களுக்கு எவனோ நல்லா நாமம் போட்டிருக்கான்" என்றாள். எங்கள் வீட்டில் புரட்டாசி வந்துவிட்டால் ஆம்லெட் என்ற சொல்லைக்கூட உச்சரிக்கக் கூடாது. பெருமாளுக்கு நேர்ந்துகொண்ட மாதத்தில் மட்டன் பிரியாணியைத் தானம் செய்திருக்கிறார் முஸ்தகீம். பாதிக் கூப்பன் தானாகவே காலாவதியாகிவிடும். பெயரும் கிடைக்கும், கறியும் மிஞ்சும்.

ஓடிப்போய் ஹாஜா பாயிடம் சொன்னேன். அவர் ஒரு சைவ ஓட்டலின் வாசலில் பர்னரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வேடிக்கை என்னவென்றால் புரட்டாசிதான் அவருக்கு சீசன். அசைவ ஓட்டல்களில் கூட்டம் குறைகிற அந்த ஒரு மாதத்தில்தான் அடுப்பைக் கழற்றிச் சுத்தம் செய்ய எல்லோரும் அவரைக் கூப்பிடுவார்கள். வருஷா வருஷம் அந்த மாதத்தில் சம்பாதிக்கிறவர். "மாசத்து பேரு போட்டிருந்தா கண்டுபுடிச்சிருப்பேன். நம்பரு போட்டு கவுத்துட்டான் பாரு" என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். கரி அப்படியே ஒட்டிக்கொண்டது.

முஸ்தகீமிடம் போய்க் கேட்டார். "தேதி போட்டுக்கீது பாய், பாத்துட்டுத்தான வாங்குனீங்க?" என்று பதில் வந்தது. அதற்குள் ஊரில் பேச்சு கிளம்பிவிட்டது. புரட்டாசி பார்க்காதவர்கள் ஏற்கெனவே போய்ச் சாப்பிட்டு ஏப்பமும் விட்டிருந்தார்கள். அது பரந்தாமனுக்கு அல்வா சாப்பிட்ட மாதிரி ஆகிவிட்டது. "அவங்காளுங்களுக்கு பிரியாணி, நம்மளுக்கு காயிதம். முஸ்தகீமும் பாயும் கூட்டு. ஓசில துன்னவரு வேற எப்படி பேசுவாரு?" என்று தெருத்தெருவாகச் சொன்னார். மாதாமாதம் டீசலுக்குக் கொடுக்கிறவர்களில் சிலர், பாயைக் கண்டதும் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்ள ஆரம்பித்தார்கள். பரந்தாமன் மேல் எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. பெயர் கெட்டால் நன்கொடை நிற்கும்; நன்கொடை நின்றால் வண்டி நிற்கும். வண்டி நின்றால் என்ன ஆகும் என்று துலுக்கானம் சொல்லியிருக்கிறார்.

பாய் யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை. கூப்பன் கையில் இருந்தும் சாப்பிட முடியாதவர்களின் வீடு வீடாகப் போனார். "மூணாவது சனிக்கெழம மத்தியானம் கூப்பனோட ஓட்டலுக்கு வந்துருங்க. துன்ன வேணாம். சும்மா உக்காந்தா போதும்." அன்று பெருமாளுக்கு விசேஷ நாள் என்று எல்லோரும் பதறினார்கள். "அதான் வேணும்" என்றார் பாய். பிரியாணி வாசனை மூக்கில் ஏறினால் விரதம் கெடாதா என்று என் மனைவி கேட்டாள். "நோம்பு வெச்சிகினு, எச்சகூட முழுங்காம, அதே ஓட்டல்ல அடுப்பு ரிப்பேர் பண்றவன்மா நான். மோந்தா நோம்பு போவாது. எனக்கு அனுபவம் கீது" என்றார். என் மனைவி யோசித்தாள். இந்த விஷயத்தில் அவரைவிடப் பெரிய அதிகாரி கிடையாது என்று ஒப்புக்கொண்டு என்னை அனுப்பி வைத்தாள். என்ன சொல்கிறார் பார்க்கலாம் என்று பரந்தாமனும் வந்தார்.

சனிக்கிழமை மதியம் கோயிலிலிருந்து நேராகப் போனோம். நெற்றி நிறைய நாமம், காதில் துளசி, கையில் கூப்பன். உள்ளே நுழையும்போது யாரோ பழக்க தோஷத்தில் "கோவிந்தா!" என்று குரல் கொடுக்க, எல்லோரும் "கோவிந்தா!" என்றார்கள். மேஜைகள் எல்லாம் நிரம்பின. தண்ணீர் கேட்டோம், குடித்தோம், உட்கார்ந்திருந்தோம். புரட்டாசியிலும் வருகிற கொஞ்சநஞ்ச வாடிக்கைக்காரர்கள் வாசலில் எட்டிப் பார்த்துவிட்டு, தவறி ஏதோ மடத்துக்குள் வந்துவிட்டதாக நினைத்துப் பக்கத்துக் கடைக்கு நடையைக் கட்டினார்கள். பார்சல் எடுக்க வந்த பையன்கள் செல்போனில் படம் பிடித்தார்கள்.

முஸ்தகீம் கல்லாவிலிருந்து எழுந்து ஓடி வந்தார். "இன்னா பாய் இது? இவங்க துன்ன வந்தாங்களா, பஜனைக்கு வந்தாங்களா?"

"கூப்பன் கீது, தேதி கீது. நீ பிரியாணி எட்த்தாந்து வை. அவங்க பாத்துகினு இருப்பாங்க" என்றார் ஹாஜா பாய்.

"பாக்கறதுக்கா பிரியாணி?"

"பாக்கக்கூடாதுன்னு கூப்பன்ல போட்டுக்கீறியா? அடுத்த சனிக்கெழமயும் வருவாங்க. நாலாவது சனி இன்னும் விசேஷம்."

முஸ்தகீம் கூட்டத்தைப் பார்த்தார். வாசலில் இருந்த செல்போன்களைப் பார்த்தார். மூளைக்குள் கால்குலேட்டர் தட்டப்படுவது எங்களுக்கே கேட்டது. கடைசியில் பேனாவை எடுத்தார். "தேதிய மாத்தி தரேன். எடத்த காலி பண்ணுங்க."

"நம்பரு போடாத நைனா, நம்பருல நான் ஏமாந்தது போதும். மாசத்து பேர எழுது."

ஒவ்வொரு மேஜையாக வந்து, ஒவ்வொரு கூப்பனாக வாங்கி, 'ஐப்பசி முழுவதும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார் முஸ்தகீம். பரந்தாமனின் கூப்பனிலும் போட்டார். எல்லாம் முடிந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "என் மத்தியான யாவாரம் பூட்ச்சே பாய்" என்றார் பாவமாக.

"அப்ப ஒரு மட்டன் பிரியாணி போடு. துட்டுக்கு" என்றார் ஹாஜா மொய்தீன்.

இத்தனை வருஷமாக அந்தச் சமையல்கட்டில் குனிந்து வேலை பார்த்தவர் அங்கே ஒரு பருக்கை தொட்டு யாரும் பார்த்ததில்லை என்று சர்வரே என் காதில் சொன்னார். நாமம் போட்ட அத்தனை பேருக்கும் நடுவில் உட்கார்ந்து, சட்டைக் கையை மடித்துக்கொண்டு, நிதானமாகச் சாப்பிட்டார். எலும்பை உறிஞ்சினார். தாளிச்சாவை இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். நாங்கள் பெருமாளை நினைத்துக்கொண்டு எச்சில் விழுங்கினோம். பரந்தாமனின் தொண்டை ஏறி இறங்கியதை நான் கண்ணால் பார்த்தேன். மனுஷன் பழி வாங்குகிறாரா, பசியில் சாப்பிடுகிறாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இரண்டும்தான் இருக்கும்.

கைகழுவிவிட்டுக் கல்லாவுக்குப் போனார். முஸ்தகீம், "விடுங்க பாய், உங்க கிட்ட துட்டு வாங்குவனா?" என்று இழுத்தார். பாய் முழு பில்லையும் கட்டினார். சில்லறையை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். முஸ்தகீம் வழக்கம்போல் சோம்புக் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினார். சாப்பிட்டது மட்டன்; வாய் கேட்கத்தான் செய்யும். பாய் கிண்ணத்தைப் பார்த்தார், திரும்பினார். அவருக்குப் பின்னால் காலி வயிறும் கையெழுத்துப் போட்ட கூப்பனுமாகப் பரந்தாமன் நின்றிருந்தார்.

"எட்த்துக்கோ நைனா, ஓசிதான்" என்று சொல்லி, கிண்ணத்தை ஒரு விரலால் அவர் பக்கம் தள்ளினார்.