முதுகுக்குப் பின்னால் போட்ட பெல்ட்

என் மகளுக்கு இரண்டரை வயது. அவளுக்கென்று காரில் மாட்டிய குழந்தை இருக்கையைக் கண்டாலே உடம்பை வில்லாக வளைத்து அலறுவாள். அன்று தேனியிலிருந்து மேகமலைக்குக் கிளம்பினோம். சின்னமனூர் வரை பிஸ்கட், பாட்டு, கெஞ்சல் எல்லாம் பார்த்தாயிற்று. பின்சீட்டில் என் மனைவியின் மடியைவிட்டு அவள் இறங்கவில்லை. இனிமேல் மலைப்பாதை, வளைவுக்கு வளைவு வண்டி ஆடும்.

சாலையோரத் திராட்சைக் கடையருகே நிறுத்திவிட்டு இறங்கினேன். பின்கதவைத் திறந்து, அவளைத் தூக்கி அந்த இருக்கையில் அமுக்கினேன். "பெல்ட் போடலைன்னா போலீஸ் பிடிச்சுக்கிரும்!" என்று கத்தினேன்.

திராட்சைப் பையோடு வந்த கடைக்கார அக்கா முன்சீட்டை எட்டிப் பார்த்தார். "பிள்ளைய ஏன் சார் இந்தப் பாடு படுத்துறீக? ஒங்க பெல்ட்டு சீட்டுக்குல்ல போட்டிருக்கு!"

உண்மைதான். பீப் சத்தம் வராமலிருக்க, பெல்ட்டை முதுகுக்குப் பின்னால் பூட்டிவிட்டு அதன்மேல் சாய்ந்து ஓட்டுவது என் வழக்கம். மனைவி சிரித்துவிட்டாள். எனக்குக் காதெல்லாம் சூடானது.

முன்னால் போய் உட்கார்ந்து, பெல்ட்டை நெஞ்சுக்குக் குறுக்கே இழுத்து மாட்டினேன். 'டிக்' என்றது. பின்னால் அழுகை நின்றது.

"அப்பாக்கு டிக்கா?"

"ஆமாத்தா."

"அம்மாக்கு?"

மனைவியின் சிரிப்பு நின்றது. அவளும் மாட்டிக்கொண்டாள். மகள் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினாள். "பாப்பாக்கு!"

மறுநாள் வேலைக்குத் தனியாகக் கிளம்பும்போது, பழக்கத்தில் கை பெல்ட்டை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனது. கண்ணாடியில் அவளுடைய காலி இருக்கை தெரிந்தது. முன்னால் இழுத்து மாட்டிக்கொண்டு, "அப்பாக்கு டிக்" என்று சொல்லிவிட்டுத்தான் வண்டியை எடுத்தேன்.