612 வரி, 574 பேர்

இலங்கையில் தெஹியோவிட்டப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து ஆபீசில் இருபத்தாறு வருடம் கிளாக்கராக இருந்தேன். கம்ப்யூட்டர் வந்தபோது மற்றவர்கள் ஆளுக்கொரு சாக்குச் சொல்லி ஒதுங்கிக்கொண்டார்கள். நான் மூக்கை நுழைத்தேன். அதனால் தோட்டத்து மருத்துவ நிலையமான டிஸ்பென்சரிக்கு அக்செஸ் மென்பொருளில் டேட்டாபேஸ் செய்து கொடுக்கும் வேலையும் என் தலையில் விழுந்தது. செய்து முடித்ததும் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் வந்தது. அதை ஒளிப்பானேன்?

1. யெஸ்

ஒரு செவ்வாய்க்கிழமை காலை. தலைமை ஆபீசிலிருந்து தொழிலாளர் பட்டியல் வந்திருந்தது. அடையாள அட்டையில் உள்ளபடி பெயரும் பிறந்த தேதியும் இருக்கும். டிஸ்பென்சரிப் பதிவிலும் அப்படியே மாற்றவேண்டும் என்று உத்தரவு. ஒவ்வொன்றாகத் திருத்த எனக்குப் பொறுமை இல்லை. இரண்டு டேபிளையும் செக்ரோல் என்ற சம்பளப் பேரேட்டு நம்பரை வைத்து ஜாயின் பண்ணி, எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றும் அப்டேட் கியூரி ஒன்றை எழுதி ஓட்டினேன்.

திரையில் ஒரு சிறு பெட்டி வந்தது. 612 வரிகள் மாறப்போகின்றன, சம்மதமா என்று கேட்டது. வந்த பட்டியலில் இருந்ததோ 574 பேர். இரண்டு எண்ணும் என் கண் முன்னால்தான் இருந்தன. எனக்குத் தேநீர் ஆறிக்கொண்டிருந்த கவலை. யெஸ்ஸை அழுத்திவிட்டுக் கோப்பையை எடுத்தேன்.

2. அம்மா நம்பர்

ஒரு மணித்தியாலம்கூட ஆகியிருக்காது. ரப்பர் பால் வெட்டும் புவனேஸ்வரி ஆபீஸ் ஜன்னலில் வந்து நின்றாள்.

“மிஸ், எனக்குப் பென்சிலின் ஒத்துக்காதுன்னு டாக்டரய்யா சொல்றாரு. தொண்ட நோவுன்னு மாத்திர கேட்டா குடுக்க மாட்டேங்கிறாரு. போன வருசந்தான் அத குடிச்சேன், ஒண்ணும் ஆகல. என்னா எழுதி வச்சிருக்கீங்க?”

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. “யாரோ தப்பா டைப் பண்ணியிருப்பாங்க புள்ள. ஒன் நம்பர் என்னா?”

“இருநூத்திப் பதினாலு. எங்க அம்மா நம்பருதான மிஸ்.”

சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. அம்மாவோ அப்பாவோ வேலையிலிருந்து நின்றால், அந்த நம்பரைப் பிள்ளை கேட்டு வாங்கிக்கொள்ளும். அதில் அவர்களுக்கு ஒரு பெருமை. செக்ரோலில் குழப்பம் வராது, ஒருவர் நின்ற பிறகுதான் மற்றவர் வருகிறார். ஆனால் டிஸ்பென்சரிக்கு நின்றவர்களும் மருந்துக்கு வருகிறார்கள், பழைய நம்பரோடு. என் கியூரி 214 என்ற நம்பரைக் கண்ட இடத்திலெல்லாம் புவனேஸ்வரி என்று எழுதியிருக்கிறது. அவளுடைய அம்மா மாரியாயியின் வரியிலும்.

அப்படியானால் பென்சிலின் ஒத்துக்காதது யாருக்கு?

“அம்மா எங்க புள்ள?”

“இப்பத்தான் டவுன் ஆஸ்பத்திரிக்கு அனுப்புனோம். கால்ல தகரம் வெட்டிச் சீழ் புடிச்சிருக்கு. எங்க வூட்டுக்காரரு த்ரீவீல்ல கூட்டிட்டுப் போறாரு.” பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “அம்மாவுக்கு ஏதோ ஒரு ஊசி ஒத்துக்காது மிஸ். எதுன்னு எனக்குத் தெரியாது. டிஸ்பென்சரில குடுத்த சீட்டுல இருந்திச்சு. சீட்ட நீங்கதான வாங்கிக்கிட்டீங்க?”

நான்தான் வாங்கினேன். டேட்டாபேஸ் செய்த புதிதில் தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாகப் போய், இனிமேல் இதெல்லாம் வேண்டாம், எல்லாம் உள்ளே இருக்கிறது என்று சொல்லி வாங்கினேன். பதிந்து முடித்ததும் பழைய பேப்பரோடு எறிந்தும்விட்டேன்.

3. பென் டிரைவ்

பென் டிரைவை எடுத்துக்கொண்டு டிஸ்பென்சரிக்கு ஓடினேன். டாக்டரய்யா சிங்களவர், நம் தோட்டத்துக்கு வந்து மூன்று வாரம்தான். முகங்கள் அவருக்குப் பழகவில்லை.

“மாரியாயின்னு தேடினேன் மிஸ், ஒண்ணும் வரல்ல. அந்த அம்மாகிட்டயும் கேட்டேன். எல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்குன்னு சொல்லிச்சு. அப்ப ஒத்துக்காதது ஒண்ணும் இல்லயாக்கும்னு அப்பிடியே ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதிட்டேன். அனே, ஐயோ, என்ன மிஸ் நடந்தது?”

“பொறகு சொல்றேங்கய்யா. மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணுங்க.”

ஆஸ்பத்திரி லைன் கிடைக்கவில்லை. மாரியாயியின் மருமகனின் போனுக்கு அடித்தால், மலை வளைவில் சிக்னல் இல்லாமல் அதுவும் போகவில்லை. செய்ததைத் திரும்பப் பெற நான் கண்ட்ரோல் இசட்டை அழுத்திப் பார்த்தேன். அப்டேட் கியூரி ஓடி முடிந்தால் அது ஒன்றும் செய்யாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் நாலு தடவை அழுத்தினேன்.

பென் டிரைவில் வெள்ளிக்கிழமை எடுத்த பேக்கப் இருந்தது. திறந்து 214ஐத் தேடினேன். இரண்டு வரி வந்தன. புவனேஸ்வரி, குறிப்பு ஒன்றும் இல்லை. மாரியாயி, பென்சிலின் ஊசி போட்டு மூச்சடைத்து மயங்கியவர். அதைச் சத்தமாக வாசித்தேன். என் பின்னாலேயே ஓடிவந்து நின்ற புவனேஸ்வரி அழத் தொடங்கினாள்.

முக்கால் மணித்தியாலம் விடாமல் அடித்த பிறகுதான் ஆஸ்பத்திரி லைன் கிடைத்தது. ஐயா, மாரியாயியின் பெயரையும் கால் புண்ணையும் ஒத்துக்கொள்ளாத மருந்தையும் சிங்களத்தில் இரண்டிரண்டு தடவை சொன்னார். நர்ஸ் போய்ப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லி ரிசீவரை மேசையில் வைத்துவிட்டுப் போனார். அந்தப் பக்கம் யாரோ இருமுவது கேட்டது. ட்ராலி உருளுவது கேட்டது. புவனேஸ்வரி என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் கையில் பதிந்தது. எனக்கு எந்தச் சாமியைக் கூப்பிடுவதென்றும் தெரியவில்லை.

“தாம நே,” என்றது போன்.

இன்னும் போடவில்லையாம். பென்சிலின் ஊசி ட்ரேயில் தயாராக இருந்ததாம். நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

4. முப்பத்தெட்டுப் பேர்

அன்று பகல் சாப்பாடு இல்லை. டேட்டாபேஸை யாரும் திறக்காதபடி மூடிவிட்டு, பேக்கப்பையும் மாறிப்போன டேபிளையும் வரிக்கு வரி ஒப்பிட்டேன். பிள்ளையின் பெயருக்குள் காணாமல் போயிருந்தவர்கள் முப்பத்தெட்டுப் பேர். அவர்களை மட்டும் பழைய டேபிளிலிருந்து திருப்பி எடுத்தேன். இந்தத் தடவை ஜாயின் பண்ணியது செக்ரோல் நம்பரை வைத்து அல்ல, ஒவ்வொரு வரிக்கும் டேட்டாபேஸ் தானாகவே கொடுத்த நம்பரை வைத்து. ஓட்டுவதற்கு முன் அதையே, எதையும் மாற்றாமல் காட்ட மட்டும் செய்யும் செலக்ட் கியூரியாக ஓட்டிப் பிரிண்ட் எடுத்து, ஐயாவும் நானும் பெயர் பெயராக வாசித்தோம். பெட்டி வந்தது. 38 என்றிருந்தது. அதற்குப் பிறகும் யெஸ்ஸை அழுத்த எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: முதலில் பேக்கப் எடுங்கள். அப்டேட்டுக்கு முன் செலக்ட் ஓட்டுங்கள். பெட்டி சொல்லும் எண்ணும் உங்கள் கையில் உள்ள எண்ணும் ஒன்றாக இல்லாவிட்டால் எழுந்து போய்விடுங்கள். தேநீரை வேண்டுமானால் குடியுங்கள், யெஸ்ஸை அழுத்தாதீர்கள்.

மறு வாரம் மாரியாயி காலில் கட்டோடு ஆபீசுக்கு வந்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன், இரண்டு பேருக்கும் ஒரே நம்பர் இருந்ததால் வந்த வினை என்றும் சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டார்.

“நம்பரத்தான மிஸ் அவளுக்குக் குடுத்தேன்,” என்றார். “என் நோவயுமா குடுத்தேன்?”